தவமணி அக்கா திறந்த ஒழுங்கை

தவமணி அக்கா காலமான செய்தி எனக்கு இரண்டு தடவை வந்தது.

முதலில் ஹின்றிக் எடுத்தார். ஹம்பேர்க் பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் என் பலசரக்குக் கடையில் அப்போதுதான் மரக்கறிப் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு முருங்கைக்காய்ப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். "மணி இன்று காலை எழும்பவில்லை" என்றார் அந்த வயதான கமக்காரர். நித்திரையிலேயே போயிருக்கிறார். முன்பு கூட வேலை பார்த்த தோழி ஒருத்தி காலையில் தட்டிப் பார்த்துத் திறக்காததால் ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் அந்தப் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். சற்று நேரத்தில் மறுபடி அழைப்பு வந்தது. இந்தத் தடவை க்ளாவுஸ். அதே செய்தி, ஏறக்குறைய அதே சொற்கள். "ஹின்றிக் சொல்லிவிட்டார்" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, புதிதாகக் கேட்பவன் போல முழுவதையும் இன்னொரு தடவை கேட்டேன். பக்கத்துப் பக்கத்து வயல்காரரான இந்த இருவரும் இருபது வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒருவர் சொல்லியிருப்பார் என்று மற்றவர் நினைக்க வழியில்லை. அக்கா இருந்திருந்தால் இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்.

இதை வாசிக்கிற பலருக்கு அவரை ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரன்று கண்ட நினைவு இருக்கும். காஞ்சிபுரம் சேலை, அதற்குக் கீழே மண் ஒட்டிய மலையேறும் சப்பாத்து. கோயில் வாசலில் மற்றவர்களுடைய செருப்புகளுக்கு நடுவே அந்தச் சப்பாத்து ஒரு பொலிஸ்காரன் மாதிரி நிற்கும். தேர் நிலைக்கு வந்ததும் கண்ணில் பட்டவரையெல்லாம் பிடித்து, "எங்கடை பக்கம் ஒருக்கா வாங்கோவன், நடப்பம்" என்பார். சனம் மெல்லக் கழன்றுவிடும். நானும் கழன்றவன்தான். வாகனம் வைத்திருப்பவன் எதற்காக நடக்க வேண்டும் என்பதுதான் அன்றும் இன்றும் என் கட்சி. அந்தக் கட்சியில் இருந்துகொண்டே அவருக்குப் பின்னால் எத்தனையோ மைல் நடந்தேன் என்பது வேறு கதை.

அவருடைய பக்கம் என்பது ஹம்பேர்க்குக்கு வடக்கே, ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைனில் ஒரு சின்னக் கிராமம். அந்த ஊர்களைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே வயலுக்கு வயல் இடுப்பளவு மண் அணை இருக்கும். அதன் மேல் ஹேசல், முட்செடி, ஓக் என்று நெருக்கமாக நட்ட உயிர்வேலி. இருநூறு வருடங்களுக்கு முன்னர் ஊர்ப் பொதுநிலத்தை ஆளுக்காள் பிரித்துக் கொடுத்தபோது, தன் பங்கைச் சுற்றித் தானே அணை கட்டி வேலி நட வேண்டும் என்பது கட்டளை. இந்த வேலியைக் கினிக் என்கிறார்கள். இரண்டு கினிக்குகளுக்கு நடுவே வண்டில் போகிற வழி ஒன்று ஓடினால் அதற்குப் பெயர் றெடர். நமக்கு அது ஒழுங்கை. மேலே இரண்டு பக்கத்துக் கிளையும் கை கோத்துக்கொள்ள, கோடையில் உள்ளே நுழைந்தால் வெளியில் வெயிலா மழையா என்று தெரியாது.

எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய நம்மவர்களில் அக்காவும் ஒருவர். அகதி விண்ணப்பத்தைக் கொடுத்தவுடன் அந்தக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். பூட்டிக் கிடந்த பழைய விடுதி ஒன்றின் மேல்மாடியில் ஓர் அறை. முதல்நாள் காலை யன்னலைத் திறந்து பார்த்தாராம். கண்ணுக்கு எட்டிய தூரம் வேலி, வேலி, வேலி. "அண்டைக்கே விளங்கியிட்டுது தம்பி" என்று என்னிடம் சொல்வார். "இவையளும் எங்கடை ஆக்கள் மாதிரி வேலிச் சண்டைக்காரர்தான். இவையளோடை காலந்தள்ளலாம்."

அப்போதிருந்த சட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். விண்ணப்பம் முடிவாகும்வரை அகதி தன் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்ட வேண்டுமென்றால் கந்தோரில் ரெர்மின், அதாவது நாள் குறித்து எடுத்து, அனுமதி கேட்க வேண்டும். நானும் மனைவி சுகந்தியும் ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தோம். அது வேறு மாவட்டம். சுகந்திக்கு மகள் பிறந்தபோது எங்களுக்கு அந்த நாட்டில் ஒரு சொந்தமும் இல்லை. விஷயம் அக்காவின் காதுக்கு எட்டியிருக்கிறது. பிள்ளைப் பெற்றவளுக்குச் சரக்குக் கறி இல்லாமலா என்று, யாரிடமோ சொல்லிவைத்து மிளகும் மல்லியும் மஞ்சளும் எடுப்பித்து, அறைக்குள் கல் இல்லாததால் போத்தலை உருட்டி அரைத்து, கோழியில் காய்ச்சி, அடுக்குச் சட்டியில் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். அனுமதி கேட்டால் கறி பழுதாகிவிடும் என்பது அவர் நியாயம். பெரிய தெருவால் போனால் பிடிபடுவோம் என்று ஒழுங்கை வழியே நடந்தார். ஒழுங்கை முடிகிற இடத்தில் ஓடை, ஓடைமேல் மாடு கடக்கிற பழைய மரப்பாலம், பாலத்தின் அடுத்த கரையில் ஒரு பொலிஸ் வாகனம். அது ஏன் அங்கே நின்றது என்று யாருக்கும் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நிழல் தேடி வந்திருப்பார்கள் என்பது அக்காவின் கணிப்பு.

பாலத்தின் நடுவில் வைத்து மறித்தார்கள். அனுமதிக் கடிதம் எங்கே என்றார்கள். வாகனத்தில் ஏற்றி நிலையத்துக்குக் கொண்டுபோய்க் குற்றம் எழுதினார்கள். கறி மணம் அறையெல்லாம் பரவியதால் ஒருவர் அதென்ன என்று கேட்டிருக்கிறார். அக்கா சட்டியைத் திறந்து நீட்டினார். அவர் வேண்டாம் என்று தலையாட்டியதும், "அப்ப நான் சாப்பிடுறன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, அவர்கள் முன்னால் இருந்து முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். வீசுகிறதற்கா காய்ச்சினேன் என்று பிறகு கேட்பார். இதையெல்லாம் சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்வார். ஆனால் பாலம் என்ற இடம் வரும்போது மட்டும் குரல் கொஞ்சம் தணியும்.

காலம் போனது. எனக்கும் விசா கிடைத்தது, அவருக்கும் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் அடித்துப்பிடித்துக்கொண்டு ஹம்பேர்க்குக்கு ஓடினோம். அக்கா அசையவில்லை. அந்த ஊர் முதியோர் இல்லத்தில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். ஏன் இந்தக் காட்டுக்குள் கிடக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அடைச்சு வைச்ச இடத்தை நான் இன்னும் முழுக்கப் பாத்து முடிக்கேல்லை" என்றார். கல்யாணமும் கட்டவில்லை. ஏன் என்று ஒரு தடவை கேட்டவர்கள் இரண்டாம் தடவை கேட்டதில்லை.

விசா கிடைத்த கையோடு அந்தப் பாலத்தைச் சட்டப்படி கடந்து எங்களைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அதுதான் நடக்கவில்லை. அந்த ஒழுங்கைக்கு ஒரு பக்கம் ஹின்றிக்கின் வயல், மற்றப் பக்கம் க்ளாவுஸின் வயல். எல்லையில் நின்ற பழைய ஓக் மரம் ஒன்றை க்ளாவுஸ் கேட்காமல் தறித்துவிட்டார். அதோடு பேச்சு நின்றது. ஹின்றிக் ஊர்ப் பக்க முனையை முட்கம்பியால் அடைத்தார். இவன் அடைத்தால் நான் அடைக்க மாட்டேனா என்று க்ளாவுஸ் ஓடைப் பக்க முனையை அடைத்தார். நடுவில் முட்செடி மண்டி ஒழுங்கை மறைந்தே போனது, பாலமும் உக்கி விழுந்தது. "எனக்குப் போகலாமெண்டு கடிதம் வந்த நேரம், வழி போயிட்டுது" என்று அக்கா சொல்வார்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அந்தப் பக்கத்துக் கிராமங்கள் ஒன்றுகூடி ஒரு நடைபாதை போடத் தீர்மானித்தன. புதிதாக வெட்டுவதில்லை. பழைய கினிக் வேலிகளையும் றெடர்களையும் தொடுத்து, ஹம்பேர்க்கிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற சனம் நடக்கக்கூடிய ஒரு சுற்று வழி. தீயணைப்பு நிலைய மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். அக்கா தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, உன்ரை வான் வேணும். கட்டை, பலகை ஏத்திப் பறிக்கோணும்."

"எடுத்துக்கொண்டு போங்கோ அக்கா."

"எனக்கு வான் ஓடத் தெரியாது. நீயும் வேணும்."

அப்படித்தான் நானும் அந்த மண்டபத்தில் போய் இருந்தேன். சுவரில் வரைபடம் தொங்கியது. வழி அழகாக வளைந்து வளைந்து வந்து, ஓடைக்குக் கிட்ட வந்ததும் திடீரென்று திரும்பிப் பெரிய தெருவில் ஏறியது. லொறிகள் பறக்கிற தெரு. அக்கா எழும்பிப் போய் வரைபடத்தில் அந்த மூலையில் விரலை வைத்து, ஏன் இதால் போகக் கூடாது என்று கேட்டார். அவர் பேசிய ஜெர்மன் பள்ளிக்கூட ஜெர்மன் அல்ல. முதியோர் இல்லத்துக் கிழவர் கிழவிகளிடம் படித்த பிளாற் என்கிற வட்டார மொழி. சபை ஒருகணம் சிரித்தது. ஊர்த் தலைவர் கையை விரித்தார். கடிதம் போட்டாயிற்று, நேரில் போயாயிற்று, சமாதானம் பேசப் பாதிரியாரையும் அனுப்பியாயிற்று. வசந்தத்துக்கு முன் இரண்டு பேரும் சம்மதிக்காவிட்டால் லொறித் தெருவால்தான் பாதை, பிறகு மாற்ற முடியாது என்றார்.

திரும்பி வரும்போது அக்கா வான் யன்னலால் அந்த லொறித் தெருவையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார்: "அதிலை வைச்சுத்தானே என்னைத் திருப்பினவை. அதாலை ஒருக்கா நேரை நடந்து போகோணும் தம்பி. நான் மட்டுமில்லை. ஆர் வந்தாலும், ஆரெண்டு கேளாமல் விடோணும்."

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் கிட்ட இருந்து பார்த்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு வீடு. ஹின்றிக்கின் தாயாரையும் க்ளாவுஸின் தகப்பனாரையும் கடைசிக் காலத்தில் குளிப்பாட்டிச் சாப்பாடு தீத்தியவர் அக்கா. ஆகவே இரண்டு வீட்டுக் கதவும் திறக்கும், கோப்பியும் வரும். ஆனால் பேச்சு அந்த ஒழுங்கையைத் தொட்டதும் இரண்டு பேரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: அவன் முதலில் திறக்கட்டும். எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு பேரையும் ஒரு மேசையில் இருத்திக் கேட்டால் என்ன என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் யாழ்ப்பாணத்தில்தான் பிறந்தேனா என்ற சந்தேகம் தெரிந்தது.

"சண்டையை விடுங்கோ எண்டு போய்க் கேட்டா, சண்டைதான் பெரிசாகும். அது அவையின்ரை சொத்து. நாங்கள் வழியை மட்டும் கேப்பம்."

அவர் வழியைக்கூட நேராகக் கேட்கவில்லை. கினிக் வேலியைப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை அடியோடு தறிக்க வேண்டும், அதுவும் குளிர்காலத்தில் மட்டும். ஒரு சாண் கட்டை விட்டு மிச்சமெல்லாம் போய்விட வேண்டும். அங்கங்கே ஓர் இளம் ஓக்கை மட்டும் மரமாக வளர விடுவார்கள். தறிக்காமல் விட்டால் வேலி உயர்ந்து, அடி வெளித்து, அணை மட்டும் மிஞ்சும். ஒழுங்கைப் பக்க வேலி இரண்டும் தறிக்கும் காலம் கடந்து நின்றன. தறிக்கக் கையாள் இல்லை என்று இருவரும் முறைப்பட்டார்கள். "திறக்க வேண்டாம். உங்கடை பக்கத்தைத் தறிக்க மட்டும் விடுங்கோ, ஆக்களை நான் கொண்டு வாறன்" என்று தனித்தனியே இருவரிடமும் சொன்னார். வேலியைத் தறிப்பது பாதை திறப்பதாகாது என்பதால் இருவரும் தனித்தனியே சம்மதித்தார்கள்.

ஆட்கள் என்றால் நாங்கள்தான். தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர், பூப்பந்து விளையாடுகிற கூட்டம், உணவகச் சமையலில் இருந்து லீவு எடுத்து வந்த பரமு அண்ணை என்று வான் நிறைய ஏறிக்கொண்டு பெப்ரவரிக் குளிரில் போய் இறங்கினோம். கத்தி, வாள், சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணீர், சுகந்தி கட்டித் தந்த ரோல்ஸ் எல்லாம் இருந்தன. அக்காவுக்குக் காலைவேலை. "அடியோடை தறியுங்கோ, மத்தியானம் வாறன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். முட்கம்பிக்குக் கீழே தவழ்ந்து உள்ளே போனோம்.

பரமு அண்ணை ஊரில் பேர்போன வேலிக்காரர். ஹேசல் தடி ஒன்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"இதை அடியோடை தறிக்கிறதோ? ஆரின்ரையோ வேலியை?"

"அக்கா அப்பிடித்தான் சொன்னவ அண்ணை."

"அவ சொல்லுவா. வழக்கு வந்தால் ஆர் கோட்டுக்குப் போறது? உயிர்வேலியை அடியோடை தறிச்சவன் உருப்படுவானோ? அளவா வெட்டி விடுவம்."

ஒருவர்கூட மறுக்கவில்லை. எங்களில் யாருக்கும் கை வரவில்லை என்பதுதான் உண்மை. நெஞ்சளவு உயரத்தில் ஒரே மட்டமாக வெட்டினோம். பக்கவாட்டில் சிலுப்பிக்கொண்டு நின்றதைச் சீவினோம். அத்துடன் விட்டிருக்கலாம். வெட்டிய தடிகள் குவிந்து கிடந்தன. அணையில் அங்கங்கே ஆள் நுழையக்கூடிய பொட்டுகள், வேலி ஓட்டைகள், தெரிந்தன. யாழ்ப்பாணத்தான் கையில் தடியும் கண்ணில் பொட்டும் பட்டால் என்ன நடக்கும்? பரமு அண்ணை தடியைக் குறுக்கே வைத்துப் பின்னிக் காட்டினார். எல்லோரும் பின்னினோம். வந்த காரியம் மறந்தே போயிற்று. வழி திறக்க வந்த நாங்கள், மத்தியானத்துக்குள் அந்த ஒழுங்கையை இருபுறமும் கோழிகூடப் புகாதபடி அடைத்து வைத்திருந்தோம். வேலை திறம் என்று ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டு ரோல்ஸ் சாப்பிட்டோம்.

அக்கா வந்து பார்த்தார். கொஞ்சத் தூரம் போய்ப் பார்த்தார், திரும்பி வந்தார். பிறகு அணையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஐயோ பரமு அண்ணை, நல்ல வடிவா அடைச்சிருக்கிறியள்" என்றார். என்ன பிழை என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பரமு அண்ணை குல்லாவை இழுத்துக் காதுவரை விட்டுக்கொண்டார்.

சிரிப்புச் சத்தம் கேட்டோ என்னவோ, இடப்பக்க வயலால் ஹின்றிக் வந்தார். வேலியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். வலப்பக்கத்தால் க்ளாவுஸ் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கினார். அவரும் நின்றுவிட்டார். அந்த ஊரில் பிறந்த ஒருவன் தன் வாழ்நாளில் இப்படியொரு கோலத்தைக் கண்டிருக்க மாட்டான் போலும். "இதை இப்படியே விட்டால் ஊர் சிரிக்கும்" என்று ஹின்றிக் ஒருவரையும் பார்க்காமல் சொன்னார். "சிரிக்கும்" என்றார் க்ளாவுஸ், அவரும் ஒருவரையும் பார்க்காமல். பல வருடங்களுக்குப் பிறகு இருவரும் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் எங்கள் வேலிதான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் மலைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஹின்றிக் போய் இயந்திர வாள் எடுத்து வந்தார். க்ளாவுஸிடம் ஏற்கனவே ஒன்று இருந்தது. அவரவர் அணையில் ஏறி, அடியில் வாளை வைத்து, எங்களுக்குக் காட்டித் தரத் தொடங்கினார்கள். தங்களுக்குள் ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் அக்கா வழியாகப் போனது. "மணி, அவரிடம் சொல்லு, தடியை ஓடைப்பக்கம் விழுத்தட்டாம்." "மணி, அவரிடம் சொல்லு, எனக்குத் தெரியும்." அக்கா ஒழுங்கையின் நடுவில் நின்று, இருவருக்கும் நன்றாகவே கேட்ட சொற்களை இருவருக்கும் மறுபடி எடுத்துச் சொன்னார். ஒரு எழுத்துக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒருதரங்கூடப் பெருமூச்சு விடவில்லை. அந்தப் பொறுமையை எந்தக் கோயிலிலும் நான் கண்டதில்லை.

பொழுது சாயும் நேரம் ஹின்றிக்கின் பக்கத்தில் இளம் ஓக் ஒன்று வந்தது. கைத்தடி அளவு மொத்தம். முன்பு தறிபட்ட பெரிய மரம் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, அதன் விதையில் முளைத்திருக்க வேண்டும். ஹின்றிக் வாளைக் கிட்டக் கொண்டுபோனார். எதிர்ப்பக்கத்தில் க்ளாவுஸின் வாள் நின்றுவிட்டது.

"மணி" என்றார் க்ளாவுஸ். "அதை விடச் சொல்லு."

அக்கா அதைத் திருப்பிச் சொல்லவில்லை. அன்று அவர் திருப்பிச் சொல்லாத ஒரே வசனம் அதுதான். ஹின்றிக் கொஞ்ச நேரம் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதைச் சுற்றி வெட்டிக்கொண்டு அப்பால் போனார். ஓக் நின்றது.

வெட்டிய மரங்களை வெளியே எடுக்க ஊர்ப்பக்க முனையைத் தவிர வழி இல்லை. ஹின்றிக் தன் முட்கம்பியைத் தானே கழற்றினார். மிச்சத்தை ஓடைப்பக்கத்தால் இழுக்க க்ளாவுஸ் தன்னுடையதைக் கழற்றினார். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தி, "பார்" என்றார். காலையில் தவழ்ந்து புகுந்த இருட்டுப் புதருக்குள், இப்போது வண்டில் தடங்கள் இரண்டு தெளிவாக இறங்கி ஓடைவரை போயின. எத்தனை தலைமுறை வண்டில்கள் அமுக்கிய தடங்கள். அடுத்த கரையில் நாங்கள் முன்பு குடியிருந்த ஊரின் தேவாலயக் கோபுரம் தெரிந்தது. அவ்வளவு கிட்டவா இருந்தோம்! ஹின்றிக்கும் க்ளாவுஸும் அடுத்த கிழமை தனித்தனியே போய் ஊர்த் தலைவரிடம் கையெழுத்து வைத்தார்கள். கழற்றிய கம்பியை யாரும் திரும்பக் கட்டவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் எனக்கு நித்திரை சரியில்லை. ஒரு சாண் கட்டைகளாக நின்ற அந்த வேலியை நினைக்கும்போதெல்லாம் கொலை செய்துவிட்டு வந்தவன் போல இருந்தது. மே மாதம் கட்டை ஏற்றிக்கொண்டு போனபோது அக்கா வானை நிறுத்தச் சொன்னார். வேலியின் ஒவ்வொரு அடிக்கட்டையிலும் கொத்துக் கொத்தாகத் துளிர் வெடித்திருந்தது. அடுத்த கோடையில் அது என் தலைக்கு மேல் நிற்கும் என்று அன்று தெரியாது. இறங்கித் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தேன். என் வாழ்க்கையில் நானாக விரும்பி நடந்த முதல் நடை அது. அக்கா பின்னால் வந்தார்.

அறிவித்தல் பலகை வைக்கிற விஷயத்தில் அவர் ஒரு கூட்டத்தையே குழப்பினார். நாயைக் கட்டிக்கொண்டு வா, பூப் பறிக்காதே, சைக்கிள் ஓடாதே என்று வழிநெடுக எழுத வேண்டியவற்றை வாசித்தார்கள். "எல்லாம் சரி. ஒரு பலகையிலையாவது வாங்கோ எண்டு எழுதேலாதோ?" என்று கேட்டார். பாலத்தடியில் இருக்கிற பலகை அப்படி வந்ததுதான். பிளாற் மொழியில் ஒரே வரி. தமிழில் சொன்னால், "இங்காலை வாங்கோ". வேறு ஒன்றும் அதில் இல்லை.

பாதையோடு சேர்த்துக் கட்டிய புதுப் பாலத்தின் பாதி ஒரு மாவட்டத்துக்கு, பாதி மற்ற மாவட்டத்துக்கு. ஒரு கந்தோர் ஒரு மரத்தையும் மற்றது வேறொரு மரத்தையும் கொடுத்ததால், நடுவில் பலகையின் நிறம் மாறும். ஒருபக்கம் வெளிறல், ஒருபக்கம் கறுப்பு. திறப்பு நாளில் அக்கா சேலையும் சப்பாத்துமாக வந்தார். பேச்சுகள் முடிந்து எல்லோரும் நடக்கத் தொடங்கினோம். நிறம் மாறுகிற இடத்துக்கு வந்ததும் அக்கா நின்றார். பின்னால் வந்த ஊர்த் தலைவர், பாதிரியார், பரமு அண்ணை, நான் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றோம். அவர் அடுத்த கரையைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் காலை வைத்தார்.

அன்று மட்டுமல்ல, அவரோடு நடந்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் ஒருகணம் நிற்பார். ஏன் நிற்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆராவது மறிக்கினமோ எண்டு பாக்கிறன்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

இறுதிச் சடங்கிற்கு ஹின்றிக்கும் க்ளாவுஸும் வந்திருந்தார்கள். ஒருவர் பெட்டியின் இடப்பக்கம், மற்றவர் வலப்பக்கம். இருவரும் அழுதார்கள். பேசிக்கொள்ளவில்லை. நடுவில் நின்று சொல்லக்கூடியவர் பெட்டிக்குள் இருந்தார். நான் போய் நின்றேன். ஆனால் என்னிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

அக்கா காலமான முப்பத்தோராம் நாள் விடியற்காலையில் சுகந்தி சரக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். இது பிள்ளைப் பெற்றவளுக்குக் காய்ச்சுகிறதல்லவா என்றேன். "எனக்கு வராமல் போன கறி" என்றாள், திரும்பிப் பார்க்காமல். அக்காவின் ஊரில் வானை நிறுத்திவிட்டு மூன்று பேரும் ஒழுங்கைக்குள் இறங்கினோம். அன்று பிறந்த மகள் ஆரணி, இப்போது படிப்பு முடித்து வேலை பார்க்கிறவள், சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். வேலி இரண்டு பக்கமும் மேலே எழும்பிக் கை கோக்கத் தொடங்கியிருந்தது. அந்த ஓக் இப்போது என் கைக்கு அடங்காது.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது என்ன என்று இதை எழுதத் தொடங்கியபோது யோசித்தேன். அவருடைய சப்பாத்து முதியோர் இல்லத்துத் தோழியிடம் போய்விட்டது, அதுதான் சரி. அவரைப் போல நடக்க எனக்கு ஏலாது. அவருடைய பொறுமை என் பரம்பரையிலேயே கிடையாது. ஒன்று மட்டும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது, நான் கேட்காமலேயே. பாலத்தில் பலகையின் நிறம் மாறுகிற இடத்தில் என் கால் தானாக நின்றது.

ஆரணி அடுத்த கரைக்குப் போய்விட்டாள். சட்டியை இறக்காமல் திரும்பிப் பார்த்தாள்.

"ஏனப்பா நிக்கிறீங்கள்?"

"ஆராவது மறிக்கினமோ எண்டு பாக்கிறன்."

அவள் இரண்டு பக்கமும் பாதையைப் பார்த்தாள். "ஒருத்தரும் இல்லையப்பா" என்றாள். "வாங்கோ, கறி ஆறப்போகுது."